இடங்காட்டி கூறாத செய்தி

பிழை கண்டவிடத்து எழுதியவனைக் கடிந்துகொள்வது ஆசிரியர்க்கு இயல்பு. எழுதிய கருவியையும் ஒருமுறை நோக்குதல் வேண்டும் என்பதை அண்மையிற்றான் கற்றுக்கொண்டேன்.

எமது கல்லூரிக் கணினிக் கூடத்தில் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் 'விம்' என்னும் உரைத்தொகுப்பியிற் பயின்றுகொண்டிருந்தனர். ஒருவன் தட்டச்சுச் செய்திருந்த நீண்ட வரியொன்று திடீரென மறைந்தது. அவ்விடத்தில் இரண்டு எழுத்துக்களே எஞ்சின. "நான் ஒன்றையும் அழிக்கவில்லை, சேர்" என்றான். "உன் கை செய்ததைக் கணினியின்மேற் சுமத்தாதே" என்று வகுப்பார் முன்னிலையிற் கடிந்தேன். அன்று மாலை வினாத்தாள் ஒன்றைத் தயாரிக்கையில் எனக்கும் அதுவே நேர்ந்தது!

காரணம் இதுதான். விம்முக்கு உள்ள நிலைகளுள் எழுதும் நிலை, கட்டளை நிலை என்பன இரண்டு. கட்டளை நிலையில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஏவல். எழுதும் நிலையில் இருப்பதாக எண்ணி, வரியின் தொடக்கத்தில் 'டேற்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய 'டி'யுடன் அடித்தால், அந்த 'டி' வரி முழுவதையும் அழித்துவிடும். அடுத்துள்ள 'ஏ' எழுதும் நிலையைத் தொடக்கும். எஞ்சிய இரண்டெழுத்தே திரையில் நிற்கும். 'எஸ்கேப்' விசையை அழுத்தியபின் சிறிய 'யூ'வை இருமுறை அழுத்தின், இழந்தது மீளும்.

இம்முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1976ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்திற் பயின்ற பில் ஜோய் என்பவர் 'விஐ' என்னும் தொகுப்பியை ஆக்கினார். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம். 3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்கெனத் தனி விசைகள் இல்லை. அவை எச், ஜே, கே, எல் என்னும் எழுத்து விசைகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வழியில் வந்ததே, நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம்.

எழுதும் நிலையை அறிவிக்கும் சொல்லொன்று திரையின் அடியில் தோன்றுவது உண்மையே. ஆயினும், எழுதுபவனின் கண் நிற்பது கர்சர் எனப்படும் இடங்காட்டியின் மீதன்றோ? அது பல முனையங்களில் இரு நிலைகளிலும் ஒரே கட்டமாகவே இருந்துவிடுகிறது.

இதனை மாற்ற, 'விம்ஆர்சி' என்னும் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் போதும். 'டீ_எஸ்ஐ' என்பது எழுதும் நிலை தொடங்குகையில் முனையத்துக்குச் செல்லும் குறியீடு; 'டீ_ஈஐ' என்பது அந்நிலை முடிகையிற் செல்வது. முன்னதில் 6ஆம் எண் வடிவத்தைக் கேட்டால் மெல்லிய நெடுங்கோடும், பின்னதில் 2ஆம் எண் வடிவத்தைக் கேட்டால் நிறைந்த கட்டமும் தோன்றும். அடிக்கோடு விரும்புவோர்க்கு 4. தற்கால முனைய நிரல்கள் பலவும் இவற்றை ஏற்கின்றன. 'நியோவிம்' என்னும் வழித்தோன்றலிலோ இம்மாற்றம் இயல்பாகவே அமைந்துள்ளது. இடங்காட்டி நிற்கும் வரி முழுவதும் தனித்துத் தெரியவேண்டுமாயின், 'செட் கர்சர்லைன்' என ஒரு வரி சேர்த்தல் நன்று.

மறுநாள் அவ்வரிகளை எல்லாக் கணினிகளிலும் இட்டபின், அதே வகுப்பார் முன்னிலையில், "தம்பி, நேற்றுப் பிழை விட்டவன் நான்" என்றேன். அவன் நாணித் தலைகுனிந்தான். கடியும் முன், "உனக்கு என்ன தெரிந்தது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெற்றோரே, ஆசிரியரே, அவ்வொரு வார்த்தையை நாம் மறவாதிருப்போமாக.