நோவைத் தணிக்கும் குரல்

தோட்டத்திலும் வயலிலும் உழைக்கும் எம் தாய்மாருள் நாரி நோவோ தோள் நோவோ இல்லாதவரைக் காண்பது அரிது. பனடோலும் தைலமுமே அவர்கள் அறிந்த வைத்தியம். அதற்கும் அடங்காவிடில் கடையிற் சொல்லி வாங்கும் வேறு நோக்குளிசைகள். அவற்றை நாட்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடக்கூடும். இந்நிலையில், கைத்தொலைபேசியில் ஒலிக்கும் குரலைக் கேட்டு, அறிதுயில் முறையால் வீட்டிலேயே நோவைத் தணிக்கும் பயிற்சி மேல்நாடுகளில் பரவி வருகின்றது. எமது மக்களுக்கும் இது வேண்டும் என்பதே எம் கருத்து.

அறிதுயில் என்றதும் மேடையில் ஆளை ஆட்டுவிக்கும் வித்தைக்காரனே பலரது நினைவுக்கு வருகின்றான். பாவம் என்று அஞ்சுவோரும் உளர். ஆனால் வைத்திய நெறிக்குட்பட்டு வைத்தியர் இதனைக் கையாள்வதிற் தடையில்லை எனப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே கூறிவிட்டார்.

இதில் மந்திரம் ஏதுமில்லை. கண்ணை மூடி, மூச்சைத் தணித்து, குரல் காட்டும் காட்சியில் மனதைச் செலுத்துவதே பயிற்சி. கேட்பவர் தன்னுணர்வை இழப்பதில்லை. இத்தகைய சொற்களால் நோவின் வேதனை குறையும்போது மூளையின் செயற்பாடும் மாறுவதை 1997இல் கனடா ஆய்வாளர் படம்பிடித்துக் காட்டினர். குடற் கோளாறால் வரும் வயிற்று நோவுக்கு, வைத்தியர் எழுதிக் கொடுக்கும் கைத்தொலைபேசிப் பயிற்சியொன்றை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2021இல் அனுமதித்தது. எல்லாருக்கும் ஒரேயளவு பலன் கிட்டுவதில்லை என்பதும் உண்மையே.

எமது குறை வேறு. இவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், கட்டணத்துடன் வருபவை. மலையில் வளர்ந்தவளிடம் வெள்ளை மணற் கடற்கரையை நினை என்றால் அவள் மனம் எங்கே செல்லும்? பீலித் தண்ணீரின் குளிர்ச்சியைச் சொன்னால் உடல் தானே அறியும். உளவைத்தியம் அறிந்த ஒருவரின் துணையுடன், பதினைந்து நிமிடத் தமிழ் ஒலிப்பதிவொன்றை எமது பங்குகளே தயாரிக்கலாம். செலவு அதிகமில்லை.

அதற்கு முன் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும். கால் மரத்தல், சிறுநீர் கட்டுப்படாமை, காய்ச்சல், உடல் மெலிவு ஆகியன நோவுடன் சேர்ந்தால் ஒலிப்பதிவை நம்பியிருத்தல் ஆபத்து. மனநோய், வலிப்பு உள்ளோரும் வைத்தியரைக் கேளாமல் தொடங்கலாகாது.

இனி, அந்தப் பதினைந்து நிமிடம். ஆறு பேர் உறங்கும் லயன் காம்பராவில், அடுப்பும் பிள்ளையும் காத்திருக்க, அவள் எங்கே கண்ணை மூடுவாள்? ஒலிப்பதிவைத் தயாரிக்கும்போது வீட்டு ஆண்களையும் கூப்பிட்டுப் பேசுவது நல்லது. மாலையில் அடுப்பை அவர்கள் பார்க்கட்டும்.