ஆடிப்பட்டமும் நம் பள்ளித் தோட்டமும்



சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தியின் தாயார், இணையக் கடையில் வாங்கிய துலிப் குமிழ்களை ஒரு பையில் போட்டு எடுத்து வந்தார். பார்ப்பதற்குச் சிறு வெங்காயம் போலவே இருந்தன. “டீச்சர், இதை எப்போது நட வேண்டும்?” என்று கேட்டார். இலையுதிர்காலத்தில் நட வேண்டும் என்று பையின் மீது அச்சிட்டிருந்தது. கிள்ளானில் இலையுதிர்காலம் எந்த மாதத்தில் வருகிறது என்று இருவரும் சிரித்துக்கொண்டோம்.

ஆயினும், அந்தக் கேள்வி சிரித்துவிட்டு விடக்கூடியதன்று. துலிப் வசந்தத்தில் பூக்க வேண்டுமாயின், ஏறத்தாழ 9 பாகை செல்சியசுக்கும் குறைந்த குளிரில் பன்னிரண்டு வாரங்களுக்கு மேல் உறங்க வேண்டும். ஆகவேதான் ஐரோப்பியர்கள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அதனை மண்ணில் புதைத்துவிடுகின்றனர். கேமரன் மலையின் இரவுக் குளிர்கூட பெரும்பாலும் 15 பாகையை ஒட்டியே நிற்கிறது, அது போதாது. அந்தத் தாயார் விடாமுயற்சி உடையவர். குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் மூன்று மாதங்கள் வைத்திருந்து பின்னர் நட்டார். பழங்களை உடன் வைக்கக்கூடாது. அவற்றிலிருந்து வெளிப்படும் வாயு உள்ளிருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். இரண்டே இரண்டு குட்டையான பூக்கள் பூத்தன. மூன்றாம் நாள் உதிர்ந்தன. குமிழ்கள் மண்ணிலேயே அழுகின.

நம் சீன அண்டை வீட்டார் இதில் நம்மைவிடத் தெளிவானவர்கள். அவர்களுடைய புத்தாண்டு ஒரு வசந்த விழா. அதற்கென்று பதப்படுத்தப்பட்ட நார்சிசஸ் குமிழ்களை வாங்கி, கூழாங்கற்கள் இட்ட தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பார்கள். புத்தாண்டு நாளில் பூ விரிய வேண்டும். ஆகவே அந்த நாளிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணிக் கிண்ணத்தில் வைக்கும் நாளைக் குறிக்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நமக்கும் தை மாதத்தில் ஒரு விழா இருக்கிறதே! அதற்கு வேண்டிய மஞ்சள் கொத்தை என்றைக்கு நட வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிப் பொங்கல் விழாவுக்கு முதல் நாள் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கோ பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலைக்கோ ஓடுகிறோம். இலையோடு கட்டிய மஞ்சளை வாங்கி வந்து பானையின் கழுத்தில் கட்டுகிறோம். வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் ஒருமுறை மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்தக் கொத்தைத் தொட்டுப் பார்த்து, “டீச்சர், மஞ்சள் எந்த மரத்தில் காய்க்கும்?” என்று கேட்டான். அவனுடைய பாட்டி தோட்டப்புற லயத்து வாசலில் மஞ்சள் போட்டு வளர்த்தவர் என்பதை நான் அறிவேன். இரண்டே தலைமுறையில் அறுந்துபோன இழை அது.

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பொருளும் எழுத வைக்கிறோம். ஆனால் அது காவிரியில் புதுவெள்ளம் வரும் தமிழ்நாட்டின் கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆடி மாதம் ஆண்டிலேயே மழை குறைந்த காலத்தை ஒட்டி வருகிறது. இங்கு மழை மிகுவது பருவக்காற்று மாறும் இரு வேளைகளில். ஏப்ரல், மே ஒன்று, அக்டோபர், நவம்பர் மற்றொன்று. நம் பட்டம் ஆடி அன்று. சித்திரைக் கடைசியும் வைகாசி முதற்பாதியுமே. இந்தத் திருத்தத்தையும் சேர்த்துக் கற்பிக்காவிட்டால், பழமொழியின் உயிரை விட்டுவிட்டு உடலை மட்டும் கற்பித்தவர்களாவோம் என்பது என் எண்ணம்.

மஞ்சள் முற்றுவதற்கு ஏழு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். பொங்கலுக்கு அது முழுதும் முற்றியிருக்க வேண்டியதில்லை; இலை பசுமையாக இருந்தால்தான் அழகு. தை முதல் நாளிலிருந்து எட்டு மாதங்களைப் பின்னோக்கி எண்ணினால் மே மாத நடுப்பகுதி வரும். சந்தையில் ரெண்டாங்கிற்கு இலையும் கிழங்குமாக விற்கிறார்களே, அந்தப் பச்சைக் கிழங்கே போதும். சுருங்காத, முளைக்கண் தெரியும் விரல்களாகப் பொறுக்கி, ஒரு விரற்கட்டை ஆழத்தில், ஒரு சாண் இடைவெளிக்குச் சற்று மிகுதியாக விட்டு நடலாம். மேட்டுப்பாத்தி கட்டாயம் வேண்டும். நம் மாலை மழையில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். நிலமில்லாத பள்ளிகள் ஓட்டையிட்ட அரிசிச் சாக்கில் வளர்க்கலாம். அடியில் தட்டு வைக்க வேண்டாம். ஏடிஸ் கொசுவுக்கு அஞ்சித் தலைமையாசிரியர்கள் பூந்தொட்டிகளையே வெறுக்கும் காலமிது. அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

டிசம்பர் விடுமுறையில் யார் நீர் ஊற்றுவது என்று கேட்பார்கள். அந்நாள்களில் மழையே ஊற்றிவிடும். களை மட்டும் முளைக்கும்.

உண்மையான இடையூறு வேறு. 2022 முதல் 2025 வரை பள்ளியாண்டு மார்ச்சிலோ பிப்ரவரியிலோ தொடங்கியது. நட்ட வகுப்பே பறித்தது. 2026இல் பள்ளியாண்டு மீண்டும் சனவரிக்குத் திரும்பிவிட்டது. இனி மே மாதத்தில் நடும் மூன்றாம் ஆண்டு மாணவன், பறிக்கும்போது நான்காம் ஆண்டில் இருப்பான். ஆறாம் ஆண்டு மாணவரோ இடைநிலைப்பள்ளிக்கே சென்றிருப்பார். “அப்படியானால் கீழ்வகுப்பினரே நடட்டும்” என்று சக ஆசிரியர்கள் சிலர் கூறினர். நான் உடன்படவில்லை. பள்ளியை விட்டுச் செல்லும் பிள்ளைகளே நட வேண்டும் என்பேன். தைப் பொங்கலன்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் அவர்களை அழைக்கட்டும். இடைநிலைப்பள்ளிச் சீருடையில் வந்து தம் பழைய பாத்தியில் மஞ்சள் பிடுங்கும் பிள்ளையைத் தம்பி தங்கையர் பார்க்கட்டும்.

தோட்டப் போட்டிக்கு நீதிபதிகள் வரும் வாரத்தில் நாற்றுக் கடையிலிருந்து பூத்த செடிகளைப் பையோடு வாங்கி வந்து புதைத்து வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நானும் செய்திருக்கிறேன், மறுப்பதற்கில்லை. கோப்பை கிடைத்தது. அடுத்த மாதம் செடிகள் பட்டுப்போயின. பிள்ளைகளில் எவரும் அவற்றைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பூ வேண்டுமென்போர் மஞ்சள் பாத்தியின் ஓரத்தில் மழை லில்லிக் குமிழ்களைப் புதைக்கலாம். பல நாள் வெயிலுக்குப் பின் ஒரு பெருமழை பெய்தால், சில நாள்களில் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். நான்கு பருவங்களைப் படத்தில் காட்டிக் கற்பிக்கும் நாள்களில், பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று அதைக் காட்டுவது என் வழக்கம். நம் ஊர் வசந்தம் நாள்காட்டியைப் பார்த்து வருவதில்லை, வானத்தைப் பார்த்து வருகிறது என்று சொல்வேன்.

வருகிற மே மாதத்தில் எங்கள் வகுப்பு பதினைந்து சாக்குகளில் நடவிருக்கிறது. பழைய அரிசிச் சாக்குகள் வைத்திருக்கும் பெற்றோர்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். பத்துக் கிலோ சாக்கு போதுமானது.