எம்.எக்ஸ். போட்ட வழக்கு

பம்பாயில் ஒரு தற்காலிகத் தொழிலாளி. ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்ததும் கம்பெனி கைவிரித்து விட்டது. உடம்பில் தெம்புக்குக் குறைவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஆனால் பெயர் நோட்டீஸ் போர்டில் தொங்குமே! வேலை கிடைத்தாலும் வீட்டுக்காரர் 'காலி பண்ணு' என்பாரே!

ஐகோர்ட்டு பெயரை மறைக்க அனுமதித்தது. அவர் 'எம்.எக்ஸ்.', கம்பெனி 'இசட்.ஒய்.'. 1997-ல் அவருக்கே ஜெயம். கம்பெனி பெயரையும் மறைத்தது ரொம்ப சரி. இல்லாவிட்டால் கேண்டீனில் அரை மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடித்து விடுவார்கள்.

இன்று இதற்குச் சட்டமே உண்டு. 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம், 34-வது பிரிவு. மனு கொடுத்தால் புனைபெயரில் வழக்கு நடத்த கோர்ட்டு உத்தரவிட'லாம்'. இந்த 'லாம்'தான் இடிக்கிறது. இந்து திருமணச் சட்டப்படி நடக்கும் விவாகரத்து வழக்குக்கு யாரும் கேட்காமலே மூடிய அறை விசாரணை. பத்திரிகையில் போடவும் தடை. எச்.ஐ.வி. உள்ளவர் மட்டும் ஏன் கெஞ்ச வேண்டும்? கேட்காமலே பெயரை மறைக்கும்படி சட்டத்தைத் திருத்த வேண்டும்.

அதுவரை, வக்கீல்கள் இந்த மனுவை முதல் நாளே வழக்குக் கட்டோடு சேர்த்துத் தாக்கல் செய்யட்டும். பட்டியலில் பெயர் ஏறிய பிறகு மறைத்து என்ன பிரயோசனம்?