கேள்வி கேட்ட அப்புவும் கேட்காமல் விட்ட நானும்

1/ அக்டோபர் 29 வந்தாலே அப்பு ஞாபகம் வந்துடும். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார். 2021ல இதே நாள்ல மாரடைப்பு. வயசு 46தான். நெடுங்காட்டுக்காரனுக்குக் கன்னட நடிகர் மேல என்ன பாசம்னு கேப்பீங்க. சொல்றேன்.

2/ 2012. எம்பிபிஎஸ் படிச்சிட்டிருந்தேன். இங்க விஜய் டிவில சூர்யா "நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி" நடத்தினார். அதே வருஷம் அதே போட்டியைக் கன்னடத்துல நடத்தினவர் புனித். ஹாஸ்டல் ரூம்மேட் கன்னடக்காரன். அவன் லேப்டாப்ல பார்க்க, நான் எட்டிப் பார்க்க, கடைசில அவனைவிடப் பெரிய ரசிகன் ஆனது நான்தான்.

3/ மொழி பாதிதான் புரியும். ஆனா எதிர்ல உட்கார்ந்திருக்கிறவங்களோட பதற்றம் எந்த மொழியிலும் புரியும்ல? அதை அவர் சிரிச்சுப் பேசியே கரைச்சிடுவார். பெரிய நட்சத்திரம்ங்கிற தோரணையே இருக்காது. நம்ம வீட்டு அண்ணன் கேள்வி கேக்குற மாதிரி இருக்கும்.

4/ அவர் இறந்ததும் குடும்பத்தார் கண்களைத் தானம் கொடுத்தாங்க. அப்பா ராஜ்குமார் 2006ல இறந்தப்பவும் அப்படித்தான். புனித்தோட ரெண்டு கருவிழிகளையும் பெங்களூரு நாராயண நேத்ராலயா டாக்டர்கள் முன் அடுக்கு, பின் அடுக்குன்னு பிரிச்சு நாலு பேருக்குப் பொருத்தினாங்க. ரெண்டு கண், நாலு பேருக்குப் பார்வை!

5/ இப்ப என் கதை. சில வருஷம் முன்னாடி ஒரு நைட் டியூட்டி. ஒரு பெரியவர் இறந்துட்டார். அழுதுட்டு இருக்கிறவங்ககிட்ட கண் தானம் பத்தி எப்படிக் கேக்குறதுன்னு தயங்கினேன். கேக்கல. காலையில அவர் மகனே வந்து கேட்டார்: "சார், அப்பா கண்ணைக் கொடுக்கணும்னு சொல்லிட்டே இருப்பார். இப்ப கொடுக்கலாங்களா?" எட்டு மணி நேரம் ஆகியிருந்தது. முடியாதுன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. தப்பு என்னோடது.

6/ அதனால இதை மனசுல வச்சுக்கோங்க:

இறந்து 6 மணி நேரத்துக்குள்ள கண்ணை எடுக்கணும். உடனே கண் வங்கிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ சொல்லுங்க.

ஃபேனை நிறுத்துங்க. இமைகளை மூடி, மேல ஈரப் பஞ்சு வைங்க. தலைக்குத் தலையணை வைங்க.

கண்ணாடி, கண்புரை ஆபரேஷன், சுகர், பிரஷர் எதுவும் தடையில்ல. ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி, ரேபிஸ், ரத்தப் புற்றுநோய் இருந்தா எடுக்க மாட்டாங்க.

அரை மணி நேரத்துல முடிஞ்சிடும். முகம் விகாரமாகாது.

7/ "கண்ணைக் கொடுத்தா அடுத்த ஜென்மத்துல பார்வை இல்லாம பிறப்பாங்களாமே சார்?" இந்தப் பக்கம் நிறைய பேர் கேக்குறாங்க. எரிச்சாலும் புதைச்சாலும் அந்தக் கண் போகத்தானே போகுது? அடுத்த ஜென்மம் இருக்கட்டும், இந்த ஜென்மத்துலயே ஒருத்தர் தன் பேரப்பிள்ளை முகத்தைப் பார்க்கட்டுமே.

8/ முக்கியமான விஷயம். கண் தான கார்டு பர்ஸ்ல இருந்தா மட்டும் போதாது. அந்த நேரத்துல சம்மதம் சொல்ல வேண்டியது வீட்டுல இருக்கிறவங்க. கார்டே இல்லைன்னாலும் அவங்க சம்மதிச்சா போதும். அதனால இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போதே வீட்டுல சொல்லி வச்சிடுங்க.

9/ அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் கேக்காம விடுறதில்ல. பலர் வேண்டாம்னுதான் சொல்றாங்க, சிலர் கோபப்படுறாங்க. பரவாயில்ல. சரின்னு ஒருத்தர் சொன்னாலும் போதும்.

போய் வாங்க அப்பு அண்ணா. கேக்க வேண்டிய கேள்வியை நான் கேட்டுட்டே இருப்பேன்.