எண் நிற்காத பி.எச். மீட்டர்

கேள்வி (மீன்சுருட்டி வாசகர்): உழவர் குழுவுக்கு வாங்கிய பி.எச். மீட்டரில் ஒரே மண் கரைசல் ஒருமுறை 7.6, மறுமுறை 8.9 காட்டுகிறது. ஒயரைத் தொட்டாலே எண் மாறுகிறது. இதை வைத்து வயலுக்கு ஜிப்சம் போடலாமா?

பதில்: இந்த எண்ணை நம்பி ஜிப்சம் வாங்க வேண்டாம். பி.எச். 8.5-க்கு மேல் இருந்தால்தான் களர் நிலமா என்று பார்க்க வேண்டும். மீட்டர் காட்டும் இரண்டு எண்களும் அந்த அளவுக்கு இருபுறமும் நிற்கின்றன.

கண்ணாடிக் குமிழ் தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. 25 டிகிரி வெப்பத்தில் ஒரு பி.எச். அளவுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட்தான். கண்ணாடியின் மின்தடையோ பத்துக்கோடி ஓம் அளவில் இருக்கும். அதனால் இணைப்பில் படும் விரல் வியர்வையோ ஈரமோ போதும், மின்சாரம் கசிந்து எண் ஆடும். ஓடும் மோட்டாரின் அருகில் வைத்தாலும் அப்படியே.

கீழ்க்கண்டபடி வரிசையாகச் சோதிக்கவும்.

1. மோட்டார், ஸ்டார்ட்டர், செல்போன் ஆகியவற்றிலிருந்து மீட்டரைத் தள்ளி வைக்கவும். இணைப்பைச் சுத்தமான ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாக உலர விடவும்.

2. முனையைக் கழற்றும் வசதி இருந்தால், மீட்டரின் துளையில் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சிறு கம்பியால் இணைக்கவும். 7-ஐ ஒட்டி எண் அசையாமல் நின்றால் மீட்டர் நலம். பழுது முனையிலோ ஒயரிலோ இருக்கிறது. அப்போதும் ஆடினால் மீட்டரையே பழுது பார்க்க வேண்டும்.

3. குமிழ் உலர்ந்து போயிருந்தால், 100 மில்லி வாலை வடிநீரில் 22.4 கிராம் ஆய்வகத் தரப் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, அதில் ஓர் இரவு ஊற வைக்கவும். உரக்கடைப் பொட்டாஷ் ஆகாது. வெறும் வாலை வடிநீரிலும் ஊற வைக்கக் கூடாது. குமிழைத் துணியால் தேய்க்காமல், ஒற்றி மட்டும் எடுக்கவும்.

4. பி.எச். 7 பஃபர் கரைசலில் முதலில் சரிசெய்து, பிறகு 9.2 பஃபரில் சரிபார்க்கவும். அங்கே எண் நின்று மண் கரைசலில் மட்டும் ஆடினால், கரைசல் தயாரித்த முறையைக் கவனிக்கவும். 20 கிராம் மண்ணுக்கு 50 மில்லி வாலை வடிநீர் விட்டு, இடையிடையே கலக்கி, அரை மணி நேரம் கழித்து அளக்க வேண்டும்.

எண் நின்ற பிறகும், எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை நிலையத்தின் முடிவைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். பி.எச். மட்டும் அதற்குப் போதாது. சோழமாதேவி வேளாண் அறிவியல் மையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.