கோடி ரூபாய் வீடும் லாரித் தண்ணீரும்

மகன் வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு எரியோட்டுக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. சென்னை ராஜீவ் காந்தி சாலையில், சோழிங்கநல்லூர் பக்கம் பதினெட்டு மாடிக் குடியிருப்பு. நீச்சல் குளம் உண்டு, வாசலில் மூன்று காவலாளிகள் உண்டு. விலை கோடியைத் தாண்டும். குழாயில் வருவது லாரித் தண்ணீர்.

"கோடி கொடுத்தும் தண்ணி விலைக்காடா?" என்று கேட்டேன்.

"இங்க எல்லாரும் அப்படித்தான்ப்பா" என்றான். இந்த 'எல்லாரும் அப்படித்தான்' மேல்தான் எனக்குக் கோபம்.

விடிகாலை நாலரைக்கே லாரிகள் வரிசை கட்டும். தூக்கம் வராத கிழவன், கீழே போய் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுத்தேன். திருப்போரூர் பக்கம் ஒரு வயல் கிணற்றுத் தண்ணீராம். "நெல்லு போடறதைவிடத் தண்ணி வித்தா காசுங்க ஐயா." பக்கத்து வயல்காரன் கிணறு என்ன ஆச்சு என்றேன். பதில் சொல்லாமல் ஹோஸைச் சுருட்டினான்.

கிணறு வற்றுவது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடகனாறு வெறும் மணலாய்க் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாம். நாமாவது வானத்தைக் குறை சொல்லலாம். அவர்களுக்கு அந்தச் சாக்கும் கிடையாது. சென்னையில் சராசரியாக ஆண்டுக்கு 1,300 மி.மீ.க்கு மேல் மழை. அதில் பாதி பெய்தால் போதும், நம் காட்டில் கடலை காய்த்துவிடும்!

அந்த மழையைத் தாங்கி வைத்தது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்ததாம். குப்பைக் கிடங்கும் சாலையும் கம்பெனிகளும் குடியிருப்புகளும் தின்றது போக மிச்சம் கொஞ்சம்தான். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நல்லது, ரொம்பத் தாமதம். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கத்து ஜனங்கள் படகில் வெளியேறினார்கள். நடுவில் 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் போனது.

அரசாங்கம் குழாய் போடவில்லை என்பார்கள். 2011-லேயே மாநகராட்சியில் சேர்ந்த பகுதி, அந்தக் குறை நியாயம்தான். ஆனால் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசியது குழாயைப் பற்றியா? லாரி வாடகை ஏறியதைப் பற்றி. 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்றே, உங்கள் குழி எங்கே என்று கேட்டேன்.

"கார் பார்க்கிங் கீழ இருக்கு அங்கிள்" என்றார் செயலாளர். அதைத் திறந்து பார்த்தவர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய ராத்திரி மகன் விஷயத்துக்கு வந்தான். "ஊர்த் தோட்டத்தைக் கொடுத்துடுங்கப்பா. இங்கேயே இன்னொரு ஃப்ளாட் வாங்கிடலாம். நல்ல விலைக்கு ஆள் இருக்கு."

யாரென்று விசாரித்தேன். தண்ணீர் லாரி வைத்து ஓட்டுகிறவர். தோட்டத்தை அவர் பார்க்கவே இல்லையாம், கிணற்று ஆழத்தை மட்டும் கேட்டாராம்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறினேன். மகன் இன்னும் போன் பண்ணவில்லை.