0 என்றால் இல்லை என்றா அர்த்தம்?

கிள்ளானில் ஜாவாஸ்கிரிப்ட் கற்றுவரும் நேயர் ஒருவர் கேட்டிருந்தார்: “தீபாவளிக்கு ஈப்போ போகும் பேருந்தில் எத்தனை இடம் இருக்கிறது என்று சர்வரிடம் கேட்க ஒரு ஃபங்ஷன் எழுதினேன். கால்பேக்குக்குள் 12 என்று சரியாக வருகிறது. வெளியே திரையில் 0 என்றே நிற்கிறது. ரிட்டர்ன் போட்டும் பயனில்லை. மாறியின் எல்லையில் தவறா?”

எல்லையில் தவறில்லை. மாறியை வெளியே அறிவித்திருப்பதால் கால்பேக்கும் அதைப் பார்க்கும், மாற்றும். சிக்கல் நேரத்தில் இருக்கிறது.

நேரலையில் இருக்கும்போது, பிரிக்ஃபீல்ட்ஸ் நேயர் ஒருவரை அழைக்கும்படி தயாரிப்பாளரிடம் சொல்கிறேன். மறுமுனையில் எடுக்கும்வரை நான் மௌனமாக இருக்க முடியுமா? அடுத்த பாடலை அறிவித்துவிடுவேன். ஜாவாஸ்கிரிப்டும் அப்படித்தான். அது ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். பதிலுக்காகக் காத்துக்கிடந்தால் பக்கம் முழுவதும் உறைந்துபோகும். அதனால் கோரிக்கையை அனுப்பிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போகிறது. அங்கே மாறியைப் படித்தால், தொடக்கத்தில் நீங்கள் போட்ட 0தான் கிடைக்கும். 12 வந்து சேரும்போது உங்கள் ஃபங்ஷன் முடிந்திருக்கும். கால்பேக்குக்குள் எழுதிய ரிட்டர்ன், கால்பேக்கை அழைத்த இடத்துக்குத்தான் போகும். உங்கள் ஃபங்ஷனை அழைத்த இடத்துக்கு அல்ல.

தீர்வு இரண்டு. திரையில் காட்டும் வேலையைக் கால்பேக்குக்குள்ளேயே செய்யுங்கள். அல்லது 2015-இல் மொழியின் தரத்தில் சேர்ந்த பிராமிஸையும், 2017-இல் சேர்ந்த ஏசிங்க், அவெயிட் சொற்களையும் பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஏசிங்க் ஃபங்ஷன் திருப்பித் தருவது 12 அல்ல, 12 வரும் என்ற வாக்குறுதி. அழைக்கும் இடத்திலும் அவெயிட் போட்டால்தான் எண் கைக்கு வரும்.

இன்னொரு வேண்டுகோள். மாறியை 0 என்று தொடங்காதீர்கள். ‘நல்’ என்று வையுங்கள். பதில் வரும்வரை திரையில் “தேடுகிறோம்” என்று காட்டுங்கள். இணையம் துண்டித்தால் “பதில் கிடைக்கவில்லை, மீண்டும் முயலுங்கள்” என்று சொல்லுங்கள். 0 என்பது சர்வர் சொன்ன பிறகே காட்ட வேண்டிய எண்.

இது வெறும் நிரல் நுணுக்கம் இல்லை. 12 இடம் இருக்கும்போது 0 என்று பார்த்தவர் கைப்பேசியை மூடிவிட்டு, “இந்த வருஷம் வர முடியாதும்மா” என்று ஈப்போவுக்குச் சொல்லிவிடுவார். அதன்பிறகு சரியான எண் வந்து என்ன பயன்?